கதவுக்குள் தொலையும் பாட்டு

பழைய பிக்கப் வண்டியில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது டேஷ்போர்டில் இருக்கும் ரேடியோவில்தான். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுகிறார்கள். தொடுதிரை வருகிறது, புளூடூத் வருகிறது, போனில் சேர்த்து வைத்த பாட்டெல்லாம் வருகிறது. ஒலி மட்டும் கிட்டத்தட்ட முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது. கடைக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் காற்றின் அதிர்வாக மாறிக் காதுக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. எந்த இடத்தில் அதிகம் களவு போகிறதோ அங்கே காவல் போடாமல் வேறு இடத்தில் பணத்தைக் கொட்டினால் பலன் கிடைக்காது. பழைய டிரக்கில் பெருங்களவு நடக்கும் இடம் கதவு. அதற்கு அடுத்தது வயர். ரேடியோவின் முறை அதற்குப் பிறகுதான்.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற எஃப்-150. 1977 முதல் அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக் வரிசை ஃபோர்டின் எஃப் வரிசைதான். அதனால் முப்பது வயதைத் தொட்ட வண்டிகள் இன்றும் அங்கே பண்ணைகளிலும் சிற்றூர்ச் சாலைகளிலும் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒற்றைக் கேபின், மூன்று பேர் நெருங்கி உட்காரும் நீள சீட், பல வண்டிகளில் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின். ரேடியோவின் முகப்பில் இரு ஓரங்களிலும் சிறு துளைகள் இருக்கும். லாட வடிவில் வளைத்த இரண்டு கம்பிகளை அவற்றில் செருகி அழுத்தினால் உள்ளே இருக்கும் கொக்கிகள் விடுபட்டு, பெட்டி முழுதாகக் கைக்கு வந்துவிடும். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்ற இந்த முகப்பு அளவு ஜெர்மானியத் தரமாகப் பிறந்து ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரமானது. ரேடியோவை மாற்றுவது இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் எல்லோரும் அதையே முதலில் மாற்றுகிறார்கள்.

கதவைத் திறந்து பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கைப்பிடித் திருகுகளையும் கண்ணாடி இறக்கும் பிடியையும் கழற்றி, பிளாஸ்டிக் பேனலை மெல்ல மேலே தூக்கினால் உள்ளே ஒரு தகரச் சுவர் தெரியும். அதில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், தொழிற்சாலையில் கண்ணாடி இயந்திரத்தைப் பொருத்துவதற்காக விட்டவை. அவற்றை மறைத்து மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். முப்பது வருடத்தில் அதுவும் ஓரங்களில் பெயர்ந்து தொங்கும். கதவின் கீழ்ப் பகுதியில் ஐந்துக்கு ஏழு அங்குலம் அல்லது ஆறுக்கு எட்டு அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர். அந்தக் காலத்துத் தொழிற்சாலை ஸ்பீக்கர்கள் பலவற்றில் காகிதக் கூம்பைச் சுற்றி நுரை வளையம் ஒன்று இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் அசைய அதுதான் கீல். விரலால் தொட்டுப் பாருங்கள், கரும்பழுப்புத் தூளாக உதிரும். பாலியூரிதேன் நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் காற்றின் ஈரம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுகிறது. வெயிலும் ஓசோனும் மிச்ச வேலையை முடிக்கின்றன. வளையம் போனபின் கூம்பு நேராக அசையாது. கம்பிச்சுருள் காந்த இடுக்கில் உரசிக் கரகரக்கும். இந்த நிலையில் இருக்கும் ஸ்பீக்கருக்கு எந்த ரேடியோவிலிருந்து பாட்டு அனுப்பினாலும் அதே கரகரப்புதான்.

காந்த இடுக்கில் கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு என்ற இந்த அமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. திறன் விஷயத்தில் இது ஏழைக் கருவி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை நல்ல ஸ்பீக்கர் என்கிறோம். அந்த ஸ்பீக்கர்கூடத் தனக்கு வரும் மின்சாரத்தில் ஒலியாக மாற்றுவது சுமார் 0.6 சதவீதம்தான். மீதி அத்தனையும் சுருளைச் சூடாக்கித் தீர்கிறது. ஆகவே ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் டெசிபெல் எண்ணைப் பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் மூன்றுதான். ஆனால் மூன்று டெசிபெல் என்பது இரண்டு மடங்கு மின்திறன். அதே ரேடியோவில் இரண்டு மடங்கு சக்தியுள்ள ஆம்ப்ளிஃபையரை மாட்டிய பலன், ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவில்லாமல் கிடைக்கிறது.

இனி அந்தத் தகர ஓட்டைகளுக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்னால் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அதே நொடியில் பின்னால் இருக்கும் காற்று தளர்கிறது. ஒரே ஸ்பீக்கரிலிருந்து ஒன்றுக்கொன்று நேர் எதிரான முன்னலை, பின்னலை என்ற இரண்டு அலைகள் கிளம்புகின்றன. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். கதவு ஓட்டை வழியாகப் பின்னலை முன்பக்கம் வந்து சேர நடக்க வேண்டிய தூரம் இருபது முப்பது சென்டிமீட்டர். 3.4 மீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே முன்னலையும் பின்னலையும் ஏறத்தாழ முழு எதிர்நிலையிலேயே சந்தித்துக்கொள்கின்றன. பேஸ் செத்துப்போகிறது. 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 11 சென்டிமீட்டர். அதற்கு முப்பது சென்டிமீட்டர் நீண்ட பயணம். போதாக்குறைக்கு, உயர்ந்த ஒலிகள் கூம்புக்கு நேர் முன்னால் குவிந்து போகின்றன, பின்பக்கம் திரும்புவதில்லை. அதனால் அவை தப்பிவிடுகின்றன. பழைய வண்டிகளில் பாடகரின் 'ச', 'ஷ' எல்லாம் காதைக் குத்த, மிருதங்கத்தின் இடப்பக்கம் மட்டும் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். ஆம்ப்ளிஃபையரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் குறை தீராது. முன்னலை எவ்வளவு வளர்கிறதோ பின்னலையும் அவ்வளவே வளரும்.

மருந்து மலிவானது. பியூட்டைல் ரப்பர் பூசிய அலுமினியத் தாள் சுருளாகக் கிடைக்கிறது. பெரிய ஓட்டைகளை அதைக்கொண்டு இறுக்கமாக மூடிவிட்டால் கதவின் உட்புறம் ஒரு பெட்டியாகிவிடும், பின்னலை உள்ளேயே சிறைப்படும். அதே தாளை வெளித் தகரத்தின் உட்பக்கம் ஒட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு. தகரம் அதிரும்போது ரப்பர் இழுபட்டுச் சுருங்கி அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது, கடகடப்பு அடங்குகிறது. விரல் நுனியால் கதவைத் தட்டிப் பார்த்தால் ஒட்டுவதற்கு முன் 'டங்' என்று நீண்டு ஒலித்த தகரம், ஒட்டிய பிறகு 'டொப்' என்று நின்றுவிடும். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகளை மட்டும் மறந்தும் மூடக்கூடாது. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற அவைதான் வழி. அவற்றை அடைத்தால் நல்ல பாட்டோடு துருப்பிடித்த கதவும் சேர்ந்து கிடைக்கும்.

புதிய ஸ்பீக்கரை முடுக்குமுன் கண்ணாடியை முழுதாக இறக்கிப் பார்ப்பது அவசியம். பழைய ஸ்பீக்கரின் காந்தம் சிறியது. புதியதன் காந்தம் இன்னும் ஆழமாகப் போய், இறங்கும் கண்ணாடியில் முட்டும். அரை அங்குலத் தடிப்பில் ஒரு வளையம் வைத்து ஸ்பீக்கரைக் கேபின் பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். பிளைவுட் வளையம் ஈரத்தில் ஊறி உப்பும், பிளாஸ்டிக் வளையமே நல்லது.

எந்த வயர் நேர், எந்த வயர் எதிர் என்று தெரியாதபோது ஒன்றரை வோல்ட் டார்ச் செல் ஒன்று போதும். ஸ்பீக்கர் முனைகளோடு இணைத்த வயர்களின் மறுநுனியை ஒரு கணம் செல்லில் தொட்டால் கூம்பு 'டப்' என்று அசையும். வெளியே துள்ளினால் செல்லின் நேர் முனையைத் தொட்ட வயர் ஸ்பீக்கரின் நேர் வயர். உள்ளே இழுத்துக்கொண்டால் அது எதிர் வயர். ஒரு கதவில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் இடக் கூம்பு வெளியே வரும் நேரத்தில் வலக் கூம்பு உள்ளே போகும், இரண்டு கதவின் பேஸும் கேபின் நடுவில் சந்தித்து அழியும். ஓட்டை அடைத்துச் சம்பாதித்தது வயர் மாற்றிக் கொடுத்ததில் போய்விடும்.

கதவு முடிந்தபின் ரேடியோவைப் பற்றிப் பேசலாம். கடையில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் '50 வாட் x 4' என்று இருக்கும். அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில் நிற்கும், மறு முனை மட்டும் ஆடும். 14.4 வோல்ட்டுக்குள் அது நடுநிலையிலிருந்து மேலே 7.2, கீழே 7.2 மட்டுமே ஆட முடியும். சைன் அலைக்கு மின்திறன் என்பது உச்ச மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையின் இரு மடங்கால் வகுத்தது. நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு 6.5 வாட் வருகிறது. இது கணித எல்லை, நடைமுறையில் இன்னும் குறையும்.

பின்னால் வந்த பொறியாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர்களோடு இணைத்து, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும்படி செய்தார்கள். இதைப் பாலம் போட்ட இணைப்பு என்பார்கள். இப்போது ஸ்பீக்கருக்குக் குறுக்கே உச்சத்தில் 14.4 வோல்ட் முழுதும் கிடைக்கிறது. மின்னழுத்தம் இரு மடங்கானால் மின்திறன் நான்கு மடங்கு: 25.9 வாட். டிரான்சிஸ்டர்கள் தமக்கென்று எடுத்துக்கொள்வதைக் கழித்தால் சுத்தமான ஒலியாகச் சுமார் இருபது வாட் தேறும். சரி, ஐம்பது எங்கே? சைன் அலையை விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் அடித்துச் சதுர அலையாக்கினால் 14.4ஐ 14.4ஆல் பெருக்கி நான்கால் வகுக்கலாம். 51.8 வாட். அட்டைப்பெட்டியின் ஐம்பது இதுதான். எந்தப் பாட்டும் சதுர அலையாக இருப்பதில்லை. அந்த நிலையில் ஸ்பீக்கரிலிருந்து வருவது உடைந்த இரைச்சல். ரேடியோவின் பின்னால் இருக்கும் பியூஸும் இதற்குச் சாட்சி. பத்து ஆம்பியர் பியூஸ் என்றால் பெட்டிக்குள் போகக்கூடிய மொத்தமே 144 வாட். அதிலிருந்து 200 வாட் எப்படி வெளியே வரும்?

இந்தப் பால இணைப்பில் பழைய வண்டிக்காரர்கள் அறிய வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த சில வண்டிகளில் இரண்டு ஸ்பீக்கர்களின் எதிர் முனைகளையும் சேர்த்து ஒரே வயராக ரேடியோவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அல்லது வண்டியின் பாடியிலேயே எர்த் செய்திருப்பார்கள். பழைய ரேடியோவுக்கு அது சரி. புதிய ரேடியோவின் ஸ்பீக்கர் முனைகளில் எதுவும் எர்த் கிடையாது. இரண்டுமே சுமார் ஏழு வோல்ட்டில் நிற்பவை. அதில் ஒன்றைப் பாடியில் தொட்டால் வெளியீட்டுச் சில்லு கருகிவிடும். ரேடியோவின் வயர்களைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். நான்கு ஓம் பக்கத்தில் காட்டினால் அந்த ஸ்பீக்கர் எங்கோ எர்த்தோடு பிணைந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு வயர் புதிதாக இழுப்பதுதான் ஒரே வழி. இதில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

இருபது வாட் போதாது என்பவர்களுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று 14 வோல்ட்டை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி உயர்ந்த மின்னழுத்தமாக ஏற்றுகிறது. மின்னழுத்தத்தின் கூரை உயர்ந்ததும் மேலே சொன்ன கணக்கின் எல்லையும் உயர்ந்துவிடுகிறது. ஆனால் மின்சாரம் வானத்திலிருந்து வருவதில்லை. நானூறு வாட் உண்மையாகவே தரும் ஆம்ப்ளிஃபையர் உச்சத்தில் 40 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பத்து ஹெட்லைட்டை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். பேட்டரியிலிருந்து சீட்டுக்குப் பின்புறம் வரை ஐந்து மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். 2 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போட்டால் அதன் தடை 0.04 ஓமுக்குச் சற்று மேல். 40 ஆம்பியரில் 1.7 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், வயர் மட்டும் 68 வாட் சூட்டைக் கக்கும். கம்பளத்துக்கு அடியில் 68 வாட்! சாலிடரிங் அயர்ன் ஒன்றைச் செருகிவிட்டு மறந்துபோனது மாதிரி. 8 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் அல்ல. பியூஸ் காப்பது வயரை. இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் நுழையும் இடத்தில் தகரத்தின் விளிம்பு வயரின் உறையை அறுத்துவிட்டால் பேட்டரி தன் முழு பலத்தையும் அந்த இடத்தில் கொட்டும். பியூஸ் அதற்கு முன்னால் இருந்தால் அது எரிந்து வண்டி பிழைக்கும், பின்னால் இருந்தால் வண்டி எரியும். துளையில் ரப்பர் வளையம் ஒன்று போட்டு வயரை அதன் வழியாக நுழைக்காமல் யாரும் இந்த வேலையை முடித்ததாக எண்ணக் கூடாது.

வண்டி ரேடியோவின் சரித்திரமே இரைச்சலோடு போராடிய சரித்திரம்தான். 1930இல் அமெரிக்க ரேடியோ தயாரிப்பாளர் பால் கால்வின் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோ ஒன்றைப் பொருத்தி, ரேடியோ உற்பத்தியாளர் மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிச் சென்று ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டரோலா. பின்னாளில் அவர் நிறுவனத்தின் பெயரே அதுவாயிற்று. அந்நாளில் வண்டி ரேடியோ செய்தவர்களை வாட்டியது ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம், பாட்டுக்கு நடுவே படபடக்கும். இன்று அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. பதிலாக, ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'ஙீ' என்று உயர்ந்து, விட்டால் தாழும் சீழ்க்கை ஒன்று வருகிறது. ஆம்ப்ளிஃபையர் மாட்டிய பழைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் ஒலி இது.

அது ஆல்டர்னேட்டரின் குரல். ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்சாரம் தருகிறது. ஆறு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. முழுதும் சமமாகாமல் ஒரு சுழற்சிக்கு ஆறு சிறு மேடுகள் மிஞ்சும். பல ஆல்டர்னேட்டர்களில் பன்னிரண்டு துருவங்கள், அதாவது ஆறு ஜோடி இருக்கும். ஆகவே ஒரு சுற்றுக்கு 36 மேடுகள். இன்ஜினைப் போல மூன்று மடங்கு வேகத்தில் அது சுழல்கிறது என்று வைத்தால், 700 ஆர்.பி.எம். ஐடிலில் 1260 ஹெர்ட்ஸ், 2000 ஆர்.பி.எம்.மில் 3600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதிக்கே நேராக வந்து நிற்கிறது. இது பாட்டுக்குள் நுழையும் வழி பெரும்பாலும் எர்த். ரேடியோ டேஷ்போர்டில் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கும், ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்குப் பின்னால் வேறோர் இடத்தில். முப்பது வருடத் துருவும் பெயின்டும் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே சிறு தடையாக நிற்க, ஆம்ப்ளிஃபையரின் பெரிய மின்னோட்டம் அதன் வழியே ஓடும்போது சில மில்லிவோல்ட் வித்தியாசம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபையருக்கு அதுவும் பாட்டாகவே தெரியும். அதையும் பெருக்கிக் கொடுத்துவிடும். பெயின்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, குட்டையான தடித்த வயரால் எர்த் முடுக்கினாலே பெரும்பாலான சீழ்க்கைகள் நின்றுவிடும். வடிகட்டி வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

நம் ஊர் கனரக லாரிகளில் பிரச்சினை வேறு. அவை 24 வோல்ட்டில் ஓடுகின்றன, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். கார் ஸ்டீரியோவுக்குத் தேவை 12 என்பதால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. பாட்டு பாடும், ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கொஞ்சம் காலியாகும். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டும். அது 28 வோல்ட் வந்ததும் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஒன்று அரைப்பட்டினியில் சல்பேட் படிந்து சாக, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றிச் சாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றின் விலை, இரண்டு லாரி பேட்டரிகளின் விலையில் சிறு பங்குதான். இரவெல்லாம் பாட்டுத் துணையோடு ஓட்டுகிறவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும்.

எஃப்-150க்குத் திரும்புவோம். வண்டி நிற்கும்போது நன்றாகக் கேட்ட பேஸ், நெடுஞ்சாலையில் ஏன் மறைகிறது? ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிபொருளை வெடிக்கச் செய்கிறது. 2000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு நூறு வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ் உறுமல். பாட்டின் பேஸ் வாழும் வீட்டிலேயே இன்ஜினும் குடியிருக்கிறது. டயரும் காற்றும் அதோடு சேர்கின்றன. ஒரு அதிர்வெண்ணில் பெரிய ஒலி ஒன்று இருக்கும்போது அதன் பக்கத்து அதிர்வெண்களில் இருக்கும் சிறிய ஒலிகளைக் காது பிரித்துக் கேட்பதில்லை. போதாததற்கு, தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது இயல்பிலேயே மந்தமானது என்று பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். எனவே கதவின் ஓரம் ஓடும் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் அதை மாற்றுவதும் ஸ்டீரியோ வேலையில் சேர்ந்ததுதான். வெளி இரைச்சல் மூன்று டெசிபெல் குறைந்தால், பாட்டு அதன் மேல் எழும்ப முன்பு தேவைப்பட்ட மின்திறனில் பாதி போதும். காதுக்கும் அதுவே நல்லது. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பதே அமெரிக்கத் தொழில்நலக் கழகம் பரிந்துரைக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார்.

சிறிய கேபினுக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. அதன் அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். சுமார் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலிகளின் அரை அலைகூட அந்த இடத்தில் அடங்காது. அலையாக ஓட இடமில்லாததால் கேபினுக்குள் இருக்கும் காற்று முழுதும் ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. வீட்டு அறையில் கிடைக்காத பலம் பேஸுக்கு இங்கே கிடைக்கிறது. கணக்குப்படி அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபெல் கூடும். தகரம் நெளிவதாலும் இடுக்குகள் இருப்பதாலும் அவ்வளவு கிடைக்காது. ஆறு டெசிபெல் கிடைத்தாலே நான்கு மடங்கு மின்திறனுக்குச் சமம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று வருகிறது. ஸ்பீக்கருக்கும் அதன் பெட்டிக்கும் உள்ள உறவைச் சமன்பாடுகளாக எழுதியவர்கள் ஆஸ்திரேலியாவில் உழைத்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும். தீலின் கட்டுரை 1961இல் வந்தது, ஸ்மாலின் ஆய்வுகள் எழுபதுகளின் தொடக்கத்தில். முழுதும் மூடிய பெட்டியில் வைத்த சப்வூஃபர் என்ற பேஸ் ஸ்பீக்கர், அதன் ஒத்ததிர்வுக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும்தோறும் 12 டெசிபெல் இழக்கிறது என்று அந்தச் சமன்பாடுகள் சொல்கின்றன. பெட்டி இழப்பதைக் கேபின் ஈடுகட்டுகிறது! ஆகவே எஃப்-150 சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுகலான இடத்தில் சப்வூஃபர் பொருத்திய மூடிய தட்டைப் பெட்டி ஒன்றை வைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்கும், மேலே உள்ளதைக் கதவு ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுத்தால், பார்க்கச் சிறிய அமைப்பிலிருந்து ஆழமான பேஸ் வரும். பேஸ் பாரம் இறங்கியதும் கதவு ஸ்பீக்கர்கள் பாடகரின் குரலைத் தெளிவாகத் தருகின்றன. நிறைய பேர் சப்வூஃபர் என்றாலே அதிர வைக்கும் கருவி என்று நினைக்கிறார்கள். குரலைத் தெளிவாக்குவதுதான் அது செய்யும் பெரிய உதவி.

புதிய ரேடியோவால் மட்டுமே முடியும் ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் இருக்கிறார். இடக் கதவு ஸ்பீக்கர் அவர் காதிலிருந்து எண்பது சென்டிமீட்டர் என்றால் வலக் கதவு ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டர். எழுபது சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கடக்க ஒலிக்கு இரண்டு மில்லிவிநாடி ஆகும். முதலில் வந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அங்கேயே பாட்டு இருப்பதாக மூளை முடிவு கட்டிவிடும் என்பதை ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து எழுதினார். அதனால் பாடகர் ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலத் தோன்றும். இடது ஸ்பீக்கரை இரண்டு மில்லிவிநாடி தாமதப்படுத்தும் வசதி உள்ள ரேடியோவில் அந்த எண்ணைச் சரியாக வைத்தவுடன், குரல் எழுந்து டேஷ்போர்டின் மேல் நடுவில் போய் நிற்கிறது. அளவு நாடாவை எடுத்துத் தலை இருக்கும் இடத்திலிருந்து இரு ஸ்பீக்கர்களுக்கும் அளந்து, வித்தியாசத்தை 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிவிநாடி என்று போட்டால் போதும். பக்கத்து சீட்டுக்காரருக்கு இந்தச் சுகம் இல்லை. அவருக்கு நிலைமை முன்பைவிடச் சற்று மோசமாகும். ஆகவே தனியே ஓட்டும்போது வைத்துக்கொள்ளுங்கள், ஆள் ஏறினால் எடுத்துவிடுங்கள்.

கையில் பணம் குறைவாக இருந்தால் கதவு ஓட்டைகளை அடைப்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து டெசிபெல் எண் அதிகமுள்ள ஸ்பீக்கர் ஜோடி ஒன்று. இந்த இரண்டையும் முடித்தவர்களில் பலர் அதற்கு மேல் தேவையில்லை என்று நின்றுவிடுவார்கள். பழைய ரேடியோவே கொஞ்ச காலம் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ரேடியோவுக்குப் பின்னால் இருக்கும் தொழிற்சாலை வயரிங் சாக்கெட்டைக் கத்தரியால் வெட்டாதீர்கள். புதிய ரேடியோவையும் பழைய சாக்கெட்டையும் இணைக்கும் அடாப்டர் மலிவாகவே கிடைக்கிறது. அதன் வயர்களில் மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வண்டிக்கு வெளியே மேசையில் வைத்து நிதானமாக இணைத்து, பிறகு செருகினால் போதும். வெட்டிய சாக்கெட் இல்லாத பழைய வண்டி அரிதாகிக்கொண்டே வருகிறது. உங்களுக்குப் பிறகு அந்த வண்டியை வாங்குகிறவருக்காக, கழற்றிய பழைய ரேடியோவையும் துணியில் சுற்றிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.